அப்பாவின் பழைய சீக்கோ 5: சரி பண்ணலாமா, அப்படியே வைக்கலாமா?

#1 பால்மரக்காடு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிறவன்தான். இன்றுதான் சொந்தமாக ஓர் இழை தொடங்குகிறேன்.

அப்பா போன மாசியில் தவறிவிட்டார். மலேசியாவின் பேராக்கில், தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட ஆரம்பித்து, கடைசியில் வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்தவர். அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு மைலோ டின் கிடைத்தது. உள்ளே இ.பி.எஃப். (சேமநிதி) கடிதங்கள், பழைய ஐ.சி. (அடையாள அட்டை), அம்மாவின் ஒற்றைக் கம்மல், அடியில் இந்த வாட்ச். கண்ணாடி முழுக்கக் கீறல். ஸ்டீல் பட்டையின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ இறுகிக் கிடக்கிறது. பால் கறையா வேர்வையா தெரியவில்லை.

கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். நொடிமுள் ஓடத் தொடங்கியது! நாலு நிமிஷம் ஓடி 7க்கும் 8க்கும் நடுவில் நின்றது. மறுபடி ஆட்டினேன், மறுபடி நாலு நிமிஷம். அன்று ராத்திரி இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

ஈப்போவில் ஒரு பேரங்காடிக் கடையில் காட்டினேன். அந்தப் பையன் பின்மூடியைக்கூடத் திறக்கவில்லை. "280 வெள்ளி ஆகும் அங்கிள், அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றான். தங்கச்சி சாமி மேடையில் வைத்துவிடச் சொல்கிறாள். நான் தினமும் கட்டுவது ஸ்மார்ட் வாட்ச், எனக்கு இது தேவையுமில்லை. ஆனால் மனசு விடமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

#2 ஓட்டக்காரன்

அனுதாபங்கள் அண்ணே.

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மணி பார்க்க வேண்டாம். நான் ஓடுகிறவன். இதயத் துடிப்பு, தூரம், தூக்கம் எல்லாம் என் மணிக்கட்டில் தெரிகிறது. போன வருஷம் என் மாமாவின் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று அவர் வாட்ச்தான் முதலில் எச்சரித்தது. முள் வாட்ச் இதெல்லாம் செய்யுமா? அது இப்போது ஆம்பளைகள் போடும் நகை, அவ்வளவுதான்.

#3 முள்ளும் முகமும்

பால்மரக்காடு அண்ணே, 280 வெள்ளியை விடுங்கள். முதலில் வாட்சைத் திருப்பி, பின்மூடியில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். நாலு இலக்கம், ஒரு கோடு, இன்னொரு நாலு இலக்கம் இருக்கும். தனியாக ஆறு எழுத்தில் ஒரு சீரியலும் இருக்கும். கத்தி வைத்து எதையும் நெம்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

#4 பால்மரக்காடு

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முன்பாதி 7009. சீரியலில் முதலில் 8, அடுத்து ஆங்கில எழுத்து என், பிறகு எண்கள்.

#5 முள்ளும் முகமும்

அருமை. அந்தக் காலத்து சீக்கோ சீரியலில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை எண்ணாகவே வரும். நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ஆக, உங்களுடையது 8ல் முடியும் ஒரு வருஷத்தின் நவம்பரில் செய்தது. எந்தப் பத்தாண்டு என்று சீரியல் சொல்லாது. 7009 எழுபதுகளின் நடுவில் வந்த இயந்திரம், 1996ல் 7எஸ்26 என்ற அடுத்த இயந்திரம் அதன் இடத்துக்கு வந்தது. எனவே 1978 அல்லது 1988. வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று. ஆட்டினால் ஓடுகிறது என்றால் செத்துப்போன வாட்ச் இல்லை, எண்ணெய் வறண்ட வாட்ச். இதற்குத் திருகிச் சாவி கொடுக்கும் வசதி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். எந்தப் பக்கம் சுழன்றாலும் முறுக்கும், சீக்கோ 1959லேயே கொண்டுவந்த சின்ன நெம்புகோல் உபாயம் அது. பால் வெட்டுகிறவர் கையைவிடப் பொருத்தமான கை இந்த வாட்சுக்குக் கிடைத்திருக்காது!

#6 பால்மரக்காடு

1978தான். "உங்க அக்கா பொறந்த வருஷம் வாங்கினது" என்று அப்பா சொல்வார். அக்கா 1979. கடைக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகியிருக்கும். இதை அக்காவுக்கு அனுப்பினேன், பதிலுக்கு வெறும் அழுகை முகங்கள்.

#7 கிராணிமகள்

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் வளர்ந்ததும் தோட்டம்தான், கீழ்ப்பேராக்கில். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்கு வீடு கடிகாரம் கிடையாது. ஆபீஸ் பக்கத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன் அதை அடித்தால் எழ வேண்டும், இரண்டாம் முறை அடித்தால் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே மரத்தடிக்குப் போவார்கள். நேரம் தோட்டத் துரையிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் இருந்தது. என் அப்பா கிராணி என்பதால் எங்கள் வீட்டில் இருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது எனக்குப் பெருமை. இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவருக்கு அரைநாள் பேர் (கூலி) இல்லை என்று எழுதினால், அவர் எதைக் காட்டி மறுப்பார்? சூரியனையா?

வெட்டுக்காரர்கள் எழுபதுகளில் சொந்தக் காசில் வாட்ச் வாங்கத் தொடங்கினார்கள். தீபாவளி போனஸ், இல்லாவிட்டால் சீட்டு. ஒருநாள் ஒரு அண்ணன் பெரட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ஐயா, உங்க மணி நாலு நிமிஷம் முன்னால ஓடுது" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் தன் வாட்சைத் திருத்திக்கொண்டார். அந்த அண்ணன் கட்டியிருந்ததும் சீக்கோ 5தான்.

அது வெறும் நகை இல்லை, ஓட்டக்காரன் தம்பி.

#8 ஓட்டக்காரன்

சரி அக்கா, நகை என்ற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது அந்தக் காலத்துக்கு. இன்று எல்லார் பையிலும் போன் இருக்கிறது, துரை மணியும் தொழிலாளி மணியும் ஒன்றுதான்.

துல்லியத்துக்கே வருவோம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சுமார் 15 செகண்ட் தப்பும். இந்த சீக்கோ வகையறா நாளுக்கே 20, 30 செகண்ட் தப்பும். 1969 டிசம்பர் 25ல் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது யார்? அதே சீக்கோ. அஸ்ட்ரான், விலை 450,000 யென். தன் பழைய சரக்கைத் தானே தோற்கடித்த கம்பெனி. அப்புறமும் ஏன் முள், சக்கரம், எண்ணெய்?

#9 முள்ளும் முகமும்

கேள்வி சரி. ஆனால் நீங்கள் குவார்ட்ஸையும் எண்காட்டும் வாட்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். அஸ்ட்ரானுக்கும் முள்தான். உள்ளே குவார்ட்ஸ் கல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் துடித்தது, முகத்தில் அதே மூன்று முள். இன்றைக்குச் சாதாரண குவார்ட்ஸில் அந்தத் துடிப்பு 32,768. இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. இயந்திரம் அடியோடு மாறியும் முகம் மாறவில்லை. எண் காட்டும் வாட்சுகளும் எழுபதுகளில் வந்தன, கேஷியோ எஃப்-91டபிள்யூ 1989ல் வந்து இன்னும் விற்கிறது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. முள்ளை அதனால் விரட்ட முடிந்ததா? உங்கள் ஸ்மார்ட் வாட்சில் எந்த முகம் வைத்திருக்கிறீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

#10 ஓட்டக்காரன்

…முள் வைத்த முகம்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று வைத்தேன். சிரிக்காதீர்கள்.

#11 சாக்பீஸ் டீச்சர்

சிரித்துவிட்டேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நேரம் பாடம் வரும்போது அட்டையில் கடிகாரம் செய்து, முள்ளுக்கு ஐஸ்கிரீம் குச்சி. பாதிப் பிள்ளைகள் வீட்டில் முள் கடிகாரமே இல்லை. "அஞ்சு நாற்பத்தஞ்சு" என்று டக்கென்று படிப்பார்கள். "ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்றால் விரல் விட்டு எண்ணுவார்கள்.

போன வாரம் ஒரு பையன் பாட்டி சொன்னதை வந்து கேட்டான்: "டீச்சர், அஞ்சே முக்கால்னா என்ன? எங்க முக்கால்?" நான் அட்டைக் கடிகாரத்தை எடுத்துப் பெரிய முள்ளை 12லிருந்து 9 வரை மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். வட்டத்தில் முக்கால் பங்கு. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கால், அரை, முக்கால் என்று நாம் மணி சொல்வதே பங்கு போட்டுத்தான். அஞ்சரை என்கிற சொல்லை எண்ணில் எழுதினால் 5.30, அதில் அரை எங்கே இருக்கிறது? முகத்தில் இருக்கிறது. மீதம் கால்பங்கு என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது, கழித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. எண் காட்டும் வாட்ச் இப்போது என்ன என்று மட்டும் சொல்கிறது. போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் பார்க்க முடியாது. பரீட்சை மண்டபத்தில் பெரிய முள் கடிகாரம் மாட்டுவது சும்மா இல்லை.

#12 தைப்பிங் மழை

டீச்சர் சொன்னதும் தாத்தா ஞாபகம் வருகிறது. அவருக்கு நாழிகைக் கணக்கும் தெரியும், இரண்டரை நாழிகை ஒரு மணி. கல்யாண முகூர்த்தத்தை நாழிகையில் சொல்லிவிட்டு எச்.எம்.டி. வாட்சில் சரிபார்ப்பார். ஊரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. 1961ல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து இந்தியா தொடங்கிய வாட்ச் அது, 2016ல் மூட முடிவெடுத்துவிட்டார்கள். தாத்தாவுடையது ஜனதா என்ற மாடல், தினமும் காலையில் பல் விளக்கிவிட்டு நின்றபடியே சாவி கொடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது.

எங்கள் பக்கம் கௌரவம் என்றால் ராடோ. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு ராடோ போட்டார்கள் என்றால் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. டயலில் குட்டி நங்கூரம் ஒன்று ஆடும், பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் வறண்டு அது ஆடாமல் நின்றால் சர்வீசுக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். மாமா நாலு பேர் நடுவில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், நங்கூரம் ஆடுவது தெரியட்டும் என்று. பின்னால் பார்த்தால் அது பசார் மாலத்து, அதான் இரவுச் சந்தைப் போலிச் சரக்கு!

#13 கோணக்கோபுரம்

தெலுக் இந்தான்காரன் ஆஜர். வாட்ச் இழையில் எங்கள் ஊர் மணிக்கூண்டைப் பற்றி யாரும் பேசாததைக் கண்டிக்கிறேன்.

1885ல் லியோங் சூன் சோங் என்ற கட்டடக் குத்தகைக்காரர் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியே எட்டு மாடி மாதிரித் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, அடியில் பொதபொத மண். தொட்டிப் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாட்சைத் திருத்துவார்கள். என் பெரியப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு மணி பார்ப்பார், கோபுரம் சாய்ந்திருப்பதால் முள்ளும் சாய்ந்திருக்கும் என்று அவருக்கு நினைப்பு.

நேரத்தையே திருத்திய கதையும் உண்டு. 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாகட்டும் என்று. அந்த 1982லேயே தெலுக் ஆன்சன் என்ற பேரும் தெலுக் இந்தான் ஆனது. பேர் மாறியதைப் பற்றி பெரியம்மா வாயே திறக்கவில்லை. அரைமணியைத்தான் கடைசிவரை திட்டினாள். இருட்டில் எழுகிறவர்களை இன்னும் இருட்டில் எழுப்பிவிட்டார்களாம்.

#14 கிராணிமகள்

உண்மை! என் தாத்தா அதற்கும் மேலே ஒன்று சொல்வார். ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி முன்னால் தள்ளினார்களாம். "முள்ளைத் திருப்பலாம், சேவலைத் திருப்ப முடியுமா?" என்பார்.

#15 ஈப்போ ரிப்பேர்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். 22 வருஷமாக இதுதான் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பால்மரக்காடு அண்ணே, உங்கள் வாட்ச் நொடிக்கு ஆறு முறை அடிக்கிற வகை. நாளுக்கு 518,400 அடி. இருபது வருஷம் எண்ணெய் பார்க்காமல் ஓடினால் எந்த இயந்திரமும் முனகத்தான் செய்யும். பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து, ரப்பர் வளையம் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். பேட்டரி வாட்ச் என்றால் வேறு பயம். பேட்டரி உள்ளேயே கசிந்து சர்க்யூட்டைத் தின்றிருக்கும்.

தோட்டத்து வாட்ச்கள் என் மேசைக்கு நிறைய வரும், பார்த்தவுடன் தெரியும். பால் உறைய வைக்கும் அசிட், வேர்வை உப்பு இரண்டும் சேர்ந்து பின்மூடி ஓரத்தில் குட்டிக் குட்டிக் குழி விழுந்திருக்கும். செம்பனைக்காட்டு வாட்ச் என்றால் வேறு மாதிரி, முள் குத்திக் கண்ணாடியில் கோடு கோடாக இருக்கும்.

மூன்று விஷயம் கேட்டுச் செய்யுங்கள். டயலைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். மறுபடி பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள், பிறகு அது உங்கள் அப்பா பார்த்த முகமாக இருக்காது. கேஸை பாலிஷ் போடவேண்டாம், விளிம்பு மழுங்கிவிடும். மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் பயந்துவிடாதீர்கள். காந்தம் ஏறியிருக்கும். போன் உறையில் இருக்கும் காந்தம் போதும், ஹேர் ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் பெட்டியில் காட்டினால் சில நொடி வேலை. ஒருத்தர் இதற்கே 150 வெள்ளி எங்கோ கொடுத்துவிட்டு வந்து என்னிடம் புலம்பினார்.

எங்கள் தொழிலில் பையன்கள் வருவதில்லை. அது வேறு புலம்பல், இந்த இழையில் வேண்டாம்.

#16 ஓட்டக்காரன்

ஐயா, ஒரு நியாயமான கேள்வி. என் ஸ்மார்ட் வாட்சை 2070ல் உங்களைப் போன்ற ஒருவரிடம் கொண்டுபோனால் சரி பண்ண முடியுமா?

#17 ஈப்போ ரிப்பேர்

இப்போதே முடியாது தம்பி. போன மாதம் ஒன்று வந்தது, வாங்கி ஆறு வருஷம். பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளிவிட்டது. திறந்தால் எல்லாம் பசை. ஆனால் உங்கள் மாமாவுக்கு அது செய்த வேலையை என் மேசையில் இருக்கும் எந்த வாட்சும் செய்யாது. கட்டிக்கொண்டே ஓடுங்கள்.

#18 பால்மரக்காடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

கோணக்கோபுரம் தம்பி தனிமடலில் சொன்ன சீனத் தாத்தாவிடம்தான் கொண்டுபோனேன். மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரம், கடை என்றுகூடச் சொல்ல முடியாது, மருந்துக்கடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று, ஒரு நாற்காலி. கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறினமாதிரி எழுத்துகள். 11-84. அதன் கீழே 2-91. பக்கத்தில் ஒரு சீன எழுத்து. சர்வீஸ் செய்கிறவர்கள் இப்படிக் கீறி வைப்பார்களாம். 91ல் இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றாமலே தன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "91ஆ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அந்த வருஷம்தான் நான் பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டு, கையில் இல்லை என்று அப்பா மறுத்தது. "வாட்ச் நின்னுபோச்சு, பெரட்டுக்கு வாட்ச் இல்லாம எப்படிப் போறதுன்னு புலம்பினாரு" என்றாள் அம்மா. அன்று அப்பாமேல் எனக்கு வந்த கோபம் இன்று நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

120 வெள்ளி வாங்கினார். டயலைத் தொடவில்லை. கண்ணாடி மட்டும் புதுசு. பழைய கண்ணாடியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். பட்டையை நான்தான் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன், கறுப்பு முழுசாகப் போகவில்லை. அப்பாவின் மணிக்கட்டு என்னுடையதைவிடச் சின்னது. இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது.

நாளுக்கு 25 செகண்ட் முன்னால் ஓடுகிறது. தாத்தா இன்னும் குறைக்கலாம் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

#19 கிராணிமகள்

11-84, 2-91. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை. ஒழுங்கான மனிதர்.

#20 சாக்பீஸ் டீச்சர்

அந்தப் பின்மூடியின் படம் இருந்தால் போடுங்களேன். வகுப்பில் காட்டுகிறேன்.

#21 ஓட்டக்காரன்

அண்ணே, வாட்சை மாற்றப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். ராத்திரி தலையணைக்கடியில் வைத்தால் சத்தம் கேட்கிறதா?

#22 பால்மரக்காடு

கேட்கிறது தம்பி. முதல் நாள் தூக்கமே வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, சும்மா இருக்கிறோமே என்று நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத் தேதி, கிழமை எல்லாம் திருகிச் சரி பண்ணினேன்.

#23 ஈப்போ ரிப்பேர்

ஐயோ அண்ணே! இரவு 9லிருந்து விடிகாலை 3 வரை தேதியைத் திருகவே கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ள உள்ளே பல் கோத்துக்கொண்டிருக்கும், திருகினால் உடைந்துவிடும். ஏதாவது சத்தம் கேட்டதா?

#24 பால்மரக்காடு

இல்லை ஐயா. கொஞ்சம் கனமாகத் திருகியது, அவ்வளவுதான். காலையில் தேதி சரியாகத்தான் மாறியிருந்தது.

#25 ஈப்போ ரிப்பேர்

தப்பித்தீர்கள். இனிமேல் முள்ளை ஆறரைக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் திருகுங்கள்.